முதல் ஆப்பிரிக்க சஃபாரி: மசாய் மாராவுக்குப் புறப்படுவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆப்பிரிக்க சஃபாரி செல்லலாம் என்று முடிவெடுத்து விசாரிக்கத் தொடங்கும் முதல் வாரத்திலேயே பலருக்கும் தலை சுற்றிவிடும். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் நான்கு நாள் பயணத்துக்கு ஒரு நிறுவனம் ஒரு தொகையைச் சொன்னால், இன்னொரு நிறுவனம் அதைப் போல மூன்று மடங்கு சொல்லும். காரணம் கேட்டால் இருவரும் சிங்கப் படங்களை அனுப்புவார்களே தவிர, எந்தச் செலவு எதற்கு என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் குடும்பத்தோடு இந்தக் குழப்பத்தில் மாதக்கணக்கில் உழன்ற பிறகுதான் விலையையும் அனுபவத்தையும் உண்மையில் தீர்மானிப்பவை எவை, வெறும் அலங்காரம் எவை என்பது பிடிபட்டது. காட்டுக்குள் எத்தனை மணி நேரம் இருக்கிறீர்கள், அந்த நேரத்தில் எப்படிப்பட்ட வண்டியில், எப்படிப்பட்ட வழிகாட்டியோடு இருக்கிறீர்கள் என்பவையே முதன்மையானவை; கூடாரத்துக்குள் குளியல் தொட்டி இருக்கிறதா என்பதெல்லாம் பிறகுதான்.

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தை மையமாக வைத்து, சென்னையிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்தை மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். கட்டணங்கள் அவ்வப்போது மாறுபவை என்பதால், பணம் கட்டும் முன் அந்தந்த அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் நாட்டை முடிவு செய்யுங்கள்

முதல் பயணத்துக்குப் பெரும்பாலோர் பரிசீலிப்பவை கென்யா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகள். போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ கழிமுகம் அழகானதுதான். ஆனால் சிறு விமானத்தில் சென்று இறங்கும் சிறிய கேம்ப்களை நம்பி நடக்கும் பயணம் என்பதால் செலவு மிகக் கூடுதல். அதை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தானே வண்டி ஓட்டிக்கொண்டு, தன் விருப்பப்படி நின்று பார்க்க விரும்புபவருக்குத் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா பொருத்தமானது. அங்கே முக்கியப் பாதைகள் தார்ச்சாலைகள், வாகனங்கள் இடப்பக்கம் செல்பவை, தங்குமிடங்கள் வேலியிட்ட முகாம்கள். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு அந்நாட்டு விசா வாங்க வங்கிக் கணக்கு விவரம் தொடங்கி ஒரு கட்டுக் காகிதம் தேவைப்படும். தான்சானியாவில் செரெங்கெட்டி, கொரோங்கோரோ ஆகிய விலங்குப் பகுதிகள் இருக்கின்றன. தூரங்கள் அதிகம், பூங்காக் கட்டணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும், கொரோங்கோரோ பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கெனத் தனிக் கட்டணமும் உண்டு.

கென்யாவில் நுழைவு அனுமதி எளிது, தலைநகரிலிருந்து ஒரே பகலில் மாராவைச் சேர்ந்துவிடலாம், குறைந்த பரப்பில் நிறைய விலங்குகளைக் காணலாம். முதல் பயணத்துக்கு நான் கென்யாவையே சொல்வேன்.

ஒரு பொறியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்து, காலையில் இங்கும் மாலையில் அங்கும் போய்விடலாம் என்று திட்டமிடாதீர்கள். விலங்குகள் தாண்டும் அந்த எல்லையைச் சுற்றுலாப் பயணிகள் தாண்ட முடியாது. மேற்கே இசபேனியா சோதனைச் சாவடி வரை சுற்றிச் சென்று, தான்சானிய விசாவோடு நுழைய வேண்டும். ஒரு முழு நாள் அதற்கே போய்விடும்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில் எடுக்கும் முடிவு கட்டணத்தையே பாதியாக்கக் கூடியது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் காட்சி, அதாவது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் (மாட்டைப் போலத் தோன்றும் பெரிய மான் இனம்) மந்தை தான்சானியாவிலிருந்து மேய்ச்சலைத் தேடி வந்து, முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றை நீந்திக் கடக்கும் காட்சி, ஏறத்தாழ ஜூலை முதல் அக்டோபர் வரையில்தான் மாராவில் கிடைக்கும். அப்போதும் எந்த நாளில், எந்தத் துறையில் கடக்கும் என்பதை எவராலும் சொல்ல முடியாது. கரையில் மணிக்கணக்கில் காத்திருந்தபின் முன்னால் நிற்கும் ஒரு வில்டபீஸ்ட் மனம் மாறித் திரும்பினால், மந்தை முழுவதும் அதன் பின்னே திரும்பிப் போய்விடுவதும் உண்டு. ஆற்றுக் கடப்பை உறுதியாகக் காட்டுகிறோம் என்று எந்த நிறுவனமாவது எழுத்தில் தந்தால், அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

மார்ச் பிற்பகுதி முதல் மே வரை அங்கே பெருமழைக் காலம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையும் அதே நேரத்தில்தான் வருகிறது. அறை வாடகையும் அப்போது இறங்கியிருக்கும் என்பதால் பலர் அந்த வலையில் விழுகிறார்கள். மாராவின் பெரும்பகுதி கரிசல் மண். மழைக்குப் பிந்தைய கோவில்பட்டிக் கரிசலில் வண்டி ஓட்டியவருக்கு நான் மேலே எதுவும் விளக்க வேண்டியதில்லை. சக்கரம் புதைந்தால் அந்தக் காலை நேரம் முழுவதும் கயிறு கட்டி இழுப்பதிலேயே கழியும். புல்லும் ஆளுயரம் வளர்ந்து விலங்குகளை மறைத்துவிடும்.

மந்தைப் பெயர்ச்சிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவருக்கு என் பரிந்துரை ஜனவரி, பிப்ரவரி மாதங்கள். பொங்கல் விடுமுறையோடு சில நாள் சேர்த்துக்கொண்டால் போதும். மழை குறைவு, புல் குட்டை. சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி மூன்றும் மாராவிலேயே ஆண்டு முழுவதும் வாழ்பவை. வில்டபீஸ்ட் மந்தை தெற்கே போய்விட்டது என்பதற்காக அவையும் போய்விடுவதில்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, கிழக்கு ஆப்பிரிக்கர் அல்லாத வெளிநாட்டவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50 டாலர், அதற்கும் சிறிய குழந்தைகளுக்குக் கட்டணமில்லை. பெரியவர் இருவரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றும் இரண்டு நாள் உள்ளே சென்றால், செப்டம்பரில் 900 டாலர்; ஜனவரியில் அதே மூவருக்கு 500 டாலர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் போக நினைப்பவர்கள் பயணத்தைப் புத்தாண்டுக்குப் பின் ஒரு வாரம் தள்ளிப்போட்டாலே இந்த வேறுபாடு கையில் நிற்கும்.

3. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எல்லாவற்றுக்கும் முன்னால் போடுங்கள்

விமானச் சீட்டு வாங்கிய கையோடு செய்ய வேண்டிய வேலை இது. பலர் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்புதான் இதைப் பற்றிக் கேள்விப்படுகிறார்கள்.

கென்யாவுக்குள் நுழையும்போது இந்தச் சான்றை எவரும் கேட்காமலும் இருக்கலாம். சிக்கல் திரும்பி வரும்போதுதான். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளின் பட்டியலில் கென்யாவை இந்தியா வைத்திருக்கிறது. அந்த நாட்டைவிட்டுப் புறப்பட்ட ஆறு நாளுக்குள் செல்லத்தக்க சான்று இல்லாமல் இந்தியாவில் இறங்குபவரை, விமான நிலையச் சுகாதார அதிகாரிகள் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலில் வைக்கலாம். இது ஏட்டளவிலான விதி அன்று. சென்னையிலும் மும்பையிலும் குடிவரவுக்கு முன்பே இந்தச் சான்றான மஞ்சள் அட்டையைக் கேட்கிறார்கள்.

சென்னையில் கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலும், துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடப்படுகிறது. பிற ஊர்களிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட மையங்களின் பட்டியலை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டிருக்கிறது. பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் போட்டுக்கொண்டால் அந்தச் சான்று செல்லாது. ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். திறந்த சில மணி நேரத்துக்குள் அதைப் பயன்படுத்தி முடித்தாக வேண்டும். ஆகவே மையங்கள் குறிப்பிட்ட கிழமைகளில், முன்பதிவு செய்தவர்களை மட்டும் மொத்தமாக வரச்சொல்வது வழக்கம். விடுமுறைக் காலங்களுக்கு முன் இடம் விரைவில் நிரம்பிவிடும். மருந்து இருப்பு இல்லை என்ற பதிலும் கிடைக்கும். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே போய்விடுவது நல்லது.

கடவுச்சீட்டின் மூலத்தையும் நகலையும் கொண்டுசெல்லுங்கள். கட்டணம் அரசு மையங்களில் சில நூறு ரூபாய்தான். மஞ்சள் அட்டையைக் கையில் வாங்கியதும் நகராமல் நின்று நான்கு விவரங்களைச் சரிபாருங்கள்: கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், கடவுச்சீட்டு எண், ஊசி போட்ட தேதி, மருத்துவரின் கையொப்பத்தோடு மையத்தின் முத்திரை. எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதிக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறாக எழுதப்பட்டு, அதைத் திருத்த மறுபடி ஒரு நாள் அலைய வேண்டியதாயிற்று.

ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதற்கும் அதுவே போதும். இது உயிருள்ள வலுக்குறைத்த கிருமியைக் கொண்ட தடுப்பூசி. அறுபது வயதைக் கடந்தவர்கள், கருவுற்றவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டே முடிவு செய்ய வேண்டும். வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் செல்ல நினைப்பவர்கள் விமானச் சீட்டு வாங்கும் முன்பே இதை விசாரியுங்கள். ஊசி போடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அவர்களுக்காகத் தென்னாப்பிரிக்காவை யோசிக்கலாம். ஆனால் வழியில், மஞ்சள் காய்ச்சல் பட்டியல் நாடுகளிலுள்ள நைரோபியையோ அடிஸ் அபாபாவையோ தொடாத விமானமாகப் பாருங்கள்.

4. மின்னணுப் பயண அனுமதி

2024 ஜனவரி முதல் கென்யா விசாவை நிறுத்திவிட்டு, இ.டி.ஏ. என்னும் மின்னணுப் பயண அனுமதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது. குழந்தைகள் உட்பட ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ஏறத்தாழ 30 டாலர். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். அதன் படம், முகப்படம், போக வர விமானச் சீட்டு, தங்குமிடப் பதிவு ஆகியவை கேட்கப்படும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்னரே விண்ணப்பிக்கலாம். மூன்று வேலை நாளில் பதில் வரும் என்கிறார்கள். நீங்கள் இரண்டு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இதிலுள்ள பெரிய பொறி போலித் தளங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி, இரண்டு மூன்று மடங்கு கட்டணம் பிடுங்குகின்றன. கென்ய அரசின் தள முகவரி ‘டாட் கோ டாட் கே.இ.’ என்றுதான் முடியும். வேறு எப்படி முடிந்தாலும் அட்டை எண்ணைக் கொடுக்காதீர்கள்.

உகாண்டா, ருவாண்டாவையும் சேர்த்துப் பார்ப்பவர்களுக்கு 100 டாலரில் மூன்று நாட்டுக்கும் பொதுவான கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா உண்டு. தான்சானியா அதில் சேராது.

5. எங்கே தங்குவது என்பதை நுழைவுச்சீட்டின் நேரத்தோடு சேர்த்துப் பாருங்கள்

மாராவின் நுழைவுச்சீட்டு 24 மணி நேரத்துக்கு உரியதன்று. காலை ஆறு முதல் மாலை ஆறு வரையான ஒரு பகலுக்கு மட்டுமே உரியது. இந்த ஒரு விதியை வைத்தே உங்கள் முழு அட்டவணையையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

பல நிறுவனங்களின் அட்டவணையில், “முதல் நாள்: நைரோபியிலிருந்து புறப்பாடு, பிற்பகல் மாரா வருகை, மாலை கேம் டிரைவ்” என்று இருக்கும்; கேம் டிரைவ் என்பது விலங்குகளைப் பார்க்க வண்டியில் சுற்றும் ஓட்டம். நைரோபியிலிருந்து நரோக் வழியாகச் செகெனானி வாயிலை அடைய ஐந்தாறு மணி நேரமாகும். மதிய உணவையும் முடித்து மூன்றரை மணிக்கு உள்ளே போனால், எஞ்சியிருப்பது இரண்டரை மணி நேரம். உச்சப் பருவத்தில் அதற்கும் ஆளுக்கு 200 டாலர்தான். அந்த மாலை ஓட்டத்தை விட்டுவிட்டு, அதே பணத்தில் பின்னர் ஒரு முழுப் பகலை உள்ளே கழிப்பது எவ்வளவோ மேல். மாலை ஓட்டம் வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். நேர்மையான நிறுவனம் குறைக்கும்.

வாயிலுக்கு வெளியே உள்ள விடுதிகள் மலிவானவை. ஆனால் விடியற்காலையில் வாயிலில் வரிசையில் நின்று, அங்கிருந்து விலங்குகள் இருக்கும் பகுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் வேட்டை நேரத்தில் ஒரு பகுதி கழிந்துவிடும். காப்பகத்துக்கு உள்ளேயே தங்கினால் கண்விழித்ததும் ஓட்டம் தொடங்கிவிடும், வாடகை கூடுதல். உள்ளே தங்குபவர் கடைசி நாள் காலை பத்து மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம் செலுத்த நேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாவதாக, கன்சர்வன்சி எனப்படும் நிலங்கள். நபோய்ஷோ, ஒலாரே மோட்டோரோகி, மாரா நார்த் போன்ற இவை மசாய் குடும்பங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, அந்த வருமானத்துக்காக விலங்குகளுக்கு இடம் கொடுத்திருக்கும் பகுதிகள். அங்கே தங்கும் விருந்தினருக்கு மட்டுமே அனுமதி என்பதால் வண்டிக் கூட்டம் இராது. காப்பகத்துக்குள் தடை செய்யப்பட்ட இரவு ஓட்டமும், பாதையை விட்டு இறங்கிச் செல்வதும் அங்கே உண்டு. வாடகை அதிகந்தான், ஆனால் நான்கு பூங்காக்களைத் தொட்டுவிட்டு ஓடிவரும் பயணத்துக்குக் கொடுக்கும் பணத்தில், இரண்டு இரவு கன்சர்வன்சியும் இரண்டு இரவு காப்பகமும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரே வாரத்தில் அம்போசெலி, நகுரு, நைவாஷா, மாரா என்று அடுக்கும் திட்டங்களை நான் ஏற்பதில்லை. பகல் முழுவதும் நெடுஞ்சாலையில் லாரிகளின் பின்னால் போய்க்கொண்டிருப்பீர்கள். காண்டாமிருகம் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றால் நகுருவைச் சேருங்கள். கிளிமஞ்சாரோவின் பின்னணியில் யானைக் கூட்டம் வேண்டும் என்றால் அம்போசெலியைச் சேருங்கள். மாராவுக்கு மூன்று இரவுக்குக் குறையாமல் கொடுத்துவிட்டு, மற்றவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டியவை

கென்யச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். சுற்றுலா நடத்துநர்களின் கூட்டமைப்பான கேட்டோவின் உறுப்பினர் பட்டியலையும் பார்க்கலாம். அங்கே ஓட்டுநரே வழிகாட்டியுமாவார். வழிகாட்டிகள் சங்கம் தேர்வு வைத்து வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று நிலைகளில் சான்று தருகிறது. வெள்ளி நிலை வழிகாட்டி வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். எல்லா நேரமும் கிடைக்காது. ஆனால் அப்படிக் கேட்கும் வாடிக்கையாளரிடம் நிறுவனம் எச்சரிக்கையாக நடந்துகொள்ளும்.

வண்டி இரண்டு வகை. கூரையை உயர்த்தும் வேன் மலிவு. காய்ந்த பாதையில் குறையொன்றும் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் லேண்ட் குரூசர் உயரமானது, சேற்றுக்கும் அஞ்சாது. ஓட்டுநர், எரிபொருள் உட்பட அதற்கு ஒரு நாளைக்கு 200 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். நான்கைந்து பேர் பங்கிட்டால் தாங்கக்கூடியதே. மற்றவர்களோடு சேர்ந்து செல்லும் குழுப் பயணமானால், ஆளுக்கொரு சன்னல் இருக்கை உறுதியா, வண்டியில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று எழுதி வாங்குங்கள்.

மிக மலிவாகத் தோன்றும் விலையில் பெரும்பாலும் பூங்காக் கட்டணம் சேர்ந்திருக்காது. எங்களுக்கு முதலில் வந்த மதிப்பீடு ஒன்றில், கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் “காப்பக நுழைவு தனி” என்று இருந்தது. அதைக் கூட்டியதும் மற்றவற்றைவிட அதுவே உயர்ந்த விலையாகிவிட்டது. ஆகவே பூங்காக் கட்டணம் எத்தனை நாளுக்கு, எந்த விகிதத்தில், ஓட்டுநரின் தங்கும் செலவு, குடிநீர், விமான நிலையத்திலிருந்து அழைத்துச் செல்வது, கடைசி நாள் மதிய உணவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் பெறுங்கள்.

சைவ உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். தலைமுறைகளாகக் குஜராத்தியர் வாழும் நாடு அது. சப்பாத்தியும் பாசிப்பயறுக் குழம்பும் கென்யர்களின் அன்றாட உணவிலேயே உண்டு. காட்டுக்குள் கொடுத்தனுப்பும் மதிய உணவுப் பெட்டியில்தான் கோழித் துண்டு வந்து உட்கார்ந்திருக்கும். பதிவு செய்யும்போதும், விடுதியில் முதல் நாள் இரவும் இருமுறை சொல்லிவையுங்கள்.

7. பணம், வரி, காப்பீடு

இந்திய நிறுவனத்திடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால், விலையோடு டி.சி.எஸ். என்ற வரியும் பிடிப்பார்கள். அதன் விகிதமும் வரம்பும் அடிக்கடி மாற்றப்படுகின்றன. அது இழப்பன்று, பான் எண்ணோடு கட்டப்பட்டிருந்தால் வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம். ஆனால் புறப்படும் நேரத்தில் கையிலிருந்து போகும் பணம் என்பதால், விலை கேட்கும்போதே வரியோடு சேர்த்துக் கேளுங்கள். கென்ய நிறுவனத்துக்கு நேரடியாக வங்கி வழியே அனுப்பும்போது, நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டுமே அனுப்புங்கள். தனிநபர் கணக்கைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முன்பணமாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கேட்டால் காரணம் கேட்க வேண்டும்.

கையில் சிறு மதிப்பு டாலர் நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். பழைய வரிசை நோட்டுகளையும், கிழிந்த, எழுதிய நோட்டுகளையும் அங்கே வாங்க மாட்டார்கள். வழிகாட்டிக்கு ஒரு நாளைக்கு ஆளுக்குப் பத்து டாலரை ஒட்டி அன்பளிப்பாகத் தருவது வழக்கம்; அதையும் முதலிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பயணக் காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றம், அதாவது காட்டிலிருந்து நைரோபி மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுசெல்லும் செலவு அடங்கியிருக்க வேண்டும். ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை பயணிகளுக்கென்றே குறுகிய காலத் திட்டம் வைத்திருக்கிறது. பல நிறுவனங்கள் அதைத் தொகுப்பிலேயே சேர்த்துவிடுகின்றன.

8. வழியும் பையும்

சென்னையிலிருந்து நைரோபிக்கு வளைகுடா நகரங்கள் வழியாகவோ, மும்பை சென்று அங்கிருந்து நேரடியாகவோ செல்லலாம். விமானம் நைரோபியில் இறங்கிய அன்றே மாராவுக்குப் புறப்படாமல், ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் விடியலில் கிளம்புவது உடலுக்கு நல்லது.

நைரோபியின் வில்சன் நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் மாராவில் இறங்கிவிடலாம். அதில் கைப்பையும் சேர்த்து ஆளுக்கு 15 கிலோதான். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள், துணிப்பையாக இருக்க வேண்டும். சாலை வழியில் இந்தத் தொல்லை இல்லை.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளை மட்டும் அடுக்கிச் செல்லாதீர்கள். மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், ஊட்டிக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கிறது. திறந்த கூரையில் நின்றுகொண்டு விடியற்காலையில் செல்லும்போது காது மடல் விறைத்துவிடும். கம்பளிச் சட்டையும் காதை மூடும் தொப்பியும் தேவை. மண்ணிறம், சாம்பல், மங்கிய பச்சை ஆடைகள் போதும்; இராணுவப் புள்ளிகளிட்ட உடையை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஞெகிழிப் பைக்குக் கென்யா 2017லேயே தடை விதித்துவிட்டது. 2020 முதல் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் ஞெகிழித் தண்ணீர்ப் புட்டிகளுக்கும் தடை உண்டு. முறுக்கு, சீடை கட்டும் கடைப் பைகளை வீட்டிலேயே விட்டுவிட்டு டப்பாவில் கொண்டுசெல்லுங்கள். ட்ரோனை எடுத்துச் செல்லவே வேண்டாம். முன் அனுமதி இல்லையேல் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மின்செருகி, சிங்கப்பூரில் பார்க்கும் சதுர மூன்று முள் வகை. இருநோக்கி (பைனாகுலர்) ஆளுக்கொன்று வேண்டும். எட்டு மடங்கு பெருக்கம் போதும். ஒரே ஒன்றை வைத்துக்கொண்டு குடும்பமே கைமாற்றுவதற்குள் சிறுத்தை மரத்தைவிட்டு இறங்கிப் போயிருக்கும்.

மலேரியா நமக்குப் பழகிய நோய்தானே என்று தடுப்பு மாத்திரையைத் தவிர்க்கக் கூடாது. அங்கே பெரும்பாலும் பரவுவது ஃபால்சிபாரம் என்ற கடுமையான வகை. மருத்துவர் எழுதித் தருவதைப் பொறுத்து, பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, திரும்பிய பின்னும் ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடர வேண்டியிருக்கும்.

9. காட்டுக்குள்

நாளின் முதல் இரண்டு மணி நேரமும் கடைசி இரண்டு மணி நேரமுமே உயிர்ப்பானவை. நடுப்பகலில் சிங்கங்கள் துணிமூட்டைபோல் விழுந்து கிடக்கும். முழுப் பகலுக்கும் கட்டணம் செலுத்தியிருக்கும்போது, அறைக்குத் திரும்பாமல் மதிய உணவைக் கட்டிக்கொண்டு உள்ளேயே இருங்கள். நடுப்பகலில் மற்ற வண்டிகள் விடுதிகளுக்குப் போய்விடும், ஆற்றங்கரை உங்களுடையதாகிவிடும்.

முதல் நாளே வழிகாட்டியிடம், பட்டியல் போட்டு சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை என்ற ஐந்து பெரிய விலங்குகளையும் முடிக்க வேண்டிய அவசரம் எங்களுக்கு இல்லை, ஒரே இடத்தில் காத்திருக்கவும் தயார் என்று சொல்லிவிடுங்கள். இப்படிச் சொல்லாத பயணிகளோடு பழகிப் பழகி, வண்டி வானொலியில் “சிம்பா” (சிங்கம்), “சுயி” (சிறுத்தை) என்று சுவாஹிலியில் குரல் கேட்ட திசையிலெல்லாம் வண்டியை விரட்டுவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது. எங்கள் வழிகாட்டி ஒரு முற்பகலில், கண்ணுக்கு எதுவுமே இல்லாத புல்வெளியில் எஞ்சினை அணைத்துவிட்டார். மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அதுதான் அவருக்குக் கிடைத்த துப்பு. பின்னால் வந்த இரண்டு வேன்கள் சற்று நின்றுவிட்டு, ஒன்றுமில்லை என்று கிளம்பிப் போயின. நெடுநேரம் கழித்துப் புல் பிரிந்தது. ஒரு பெண் சிங்கம் நேராக எங்களிடம் வந்து, வண்டியின் நிழலில், பின்சக்கரத்தை ஒட்டிப் படுத்துக்கொண்டது. காது ஓரத்துப் பழைய கிழிசலில் மொய்த்த ஈக்களும், வால் நுனிக் குஞ்சத்தில் ஒட்டியிருந்த புல் முட்களும், மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிய விலாவும் குனிந்தால் தொட்டுவிடும் தொலைவில் இருந்தன.

தொட முயலக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை; கையையோ கைபேசியையோ சன்னலுக்கு வெளியே நீட்டுவதும் கூடாது. விலங்குகள் வண்டியை ஒரே உருவமாகப் பார்க்கின்றன; நீங்கள் எழுந்து கூரைமேல் ஏறினாலோ இறங்கினாலோ அந்த உருவம் உடைந்துவிடும். காப்பகத்துக்குள் பாதையை விட்டு விலகக் கூடாது. ஒரு வேட்டை விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது. மற்றவர்கள் காத்திருந்தால் பத்து நிமிடத்தில் இடம்விட வேண்டும். படம் எடுப்பதற்காகப் பாதையை விட்டு இறங்கும்படி வழிகாட்டிக்குப் பணம் நீட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிபட்டால் அபராதமும் அவருக்குத்தான், வேலை போவதும் அவருக்குத்தான்.

வெப்பக்காற்றுப் பலூனுக்கு ஆளுக்கு 450 டாலரை ஒட்டிக் கேட்பார்கள். அந்தப் பணத்தில் இன்னொரு நாள் வண்டியும் கட்டணமும் கிடைக்கும் என்பதால் நாங்கள் அதைத் தவிர்த்தோம். மசாய் கிராமத்துக்குச் செல்வதானால், உள்ளே நுழையும் முன் தொகையைப் பேசி முடித்துவிடுங்கள். மனிதரைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். தோல், எலும்பு, பல், கொம்பு என்று விலங்கின் எந்தப் பகுதியால் ஆன பொருளையும் வாங்காதீர்கள். விற்பவர் என்ன சொன்னாலும் அதை நாட்டைவிட்டுக் கொண்டுவருவது குற்றம்.

10. திரும்பிய பின்

மஞ்சள் அட்டையைப் பெட்டியில் போட்டுச் சரக்கில் அனுப்பிவிடாமல், கடவுச்சீட்டோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுகாதார மேசை, பெட்டி வரும் இடத்துக்கு முன்னாலேயே இருக்கும்.

மலேரியா மாத்திரையைச் சொன்ன நாள்வரை முடியுங்கள். திரும்பிய மூன்று மாதத்துக்குள் எப்போது காய்ச்சல் வந்தாலும், அது சாதாரணச் சளிக்காய்ச்சலாகவே தோன்றினாலும், மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே ஆப்பிரிக்கா சென்றுவந்ததைச் சொல்லி, அன்றே மலேரியா இரத்தப் பரிசோதனை செய்யக் கேளுங்கள். மாத்திரை ஒழுங்காக எடுத்தவர்களுக்கும் இது பொருந்தும்.